தொப்புளைச் சுற்றி ஊசி

கோவைப் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘நாய்க்கடி ஊசி’ என்று சொல்லிப் பாருங்கள். கை தானாகத் தொப்புளுக்குப் போகும்!

1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தயாரித்த மருந்து. வெறிநோய்க் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, கொன்று, ஊசியில் ஏற்றினார்கள். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் ஒரு வில்லங்கம். கிருமியோடு ஆட்டு மூளைப் புரதமும் உள்ளே போனது. உடம்பு அதற்கும் ஆன்டிபாடி தயாரித்தது. மூளையின் சேதி தடங்கலில்லாமல் ஓட, நரம்புக்கு உறை போடும் புரதம் அது. ஆட்டுக்கும் மனுஷனுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். எதிர்ப்புப் படைக்கு ஆளடையாளம் தெரியுமா? சிலருக்குக் கை கால் விழுந்தது. 2004-ல் இந்தியா இந்த மருந்துக்கே முழுக்குப் போட்டது.

குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுகிற அதே குணத்தை வைத்துத்தான், இன்றைக்கு லேபில் மூளைப் புரதங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அன்றைக்கு முடக்கியது, இன்றைக்குத் துப்பறிகிறது!