வேலை ஒன்று, ஏடுகள் ஐந்து

ரப்பர்த் தோட்டத்தில் ஒருவர் ஒரு நாள் பால் வெட்டினால், அந்த வேலை எத்தனை இடங்களில் எழுதப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்தார்கள். அது ஆபீசில் கிராணியின் செக்ரோலில் ஏறியது. பால் நிறுக்கும் இடத்தில் எடை வேறொரு புத்தகத்தில் பதிவாயிற்று. மாத முடிவில் இரண்டையும் பார்த்துச் சம்பளப் புத்தகம் எழுதினார்கள். 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தொடங்கிய பின்னர், அதற்கென்று தனிப் பாரம் வந்தது. இவற்றோடு, தோட்டத்தை நிர்வகித்த கம்பெனிக்கு அனுப்பும் மாதக் கணக்கும் இருந்தது. வேலை ஒன்று, ஏடுகள் ஐந்து!

ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் கையால் எழுதும்போது பிழை புகுவது இயல்பு. லட்சுமி என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதலாம். அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் போதும். உழைத்தவர் ஒருவர், பணம் சேர்வது வேறொரு கணக்கில் என்றாகிவிடும்.

இந்தத் தொல்லை தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. இதற்கு ஒரு வழி கண்டவர்கள், வியப்பாக, தேயிலை வியாபாரிகள்தாம். லண்டனில் லயன்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. தேயிலை விற்றது, ரொட்டியும் கேக்கும் செய்தது, பல தேநீர்க் கடைகளையும் நடத்தியது. சில்லறைக் கணக்கு எழுதியே அதன் குமாஸ்தாக்கள் களைத்துப் போனார்கள். 1947இல் கம்பெனி இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி, புதிய கணிப்பொறிகளைப் பற்றி அறிந்துவரச் செய்தது. பிறகு தானே 'லியோ' என்ற கணினியைக் கட்டியது. 1951 நவம்பரில் அது வேலையைத் தொடங்கியது. வியாபாரக் கணக்கை முறையாகச் செய்த முதல் கணினி அதுவே. அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளக் கணக்குப் போட எட்டு நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும்.

வேகத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1954இல் லயன்ஸ் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. கடைப் பொறுப்பாளர், வழக்கமான ஆர்டரில் என்ன மாற்றம் என்பதைத் தொலைபேசியில் சொல்வார். அது ஒரே ஒரு முறை கணினியில் ஏறும். அதிலிருந்தே அடுமனைக்கு எவ்வளவு செய்வது, லாரியில் எவ்வளவு ஏற்றுவது, கணக்குப் பிரிவுக்கு எவ்வளவு விலை என்பதெல்லாம் கிடைத்துவிடும். ஒரு முறை எழுது, எல்லாரும் படிக்கட்டும். இதுவே அந்த முறையின் சாரம்.

நம் நாட்டுக்கு முதல் கணினி 1966இல் வந்தது. அதை வாங்கியது தேசிய மின்சார வாரியம். பிரிக்பீல்ட்சை அடுத்த பங்சாரில் இன்று தலைமையகம் வைத்திருக்கும் தெனாகா நேஷனலின் முன்னோடி அது.

1972இல், போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அதே ஆண்டில், ஜெர்மனியில் ஐந்து பொறியாளர்கள் எஸ்.ஏ.பி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சம்பளம், சரக்கு, கணக்கு ஆகிய பிரிவுகள் எல்லாம் ஒரே தகவல் களஞ்சியத்தைப் பயன்படுத்தும் மென்பொருளை அவர்கள் வளர்த்தார்கள். இன்று உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் இத்தகைய ஒருங்கிணைந்த மென்பொருளால் நடக்கின்றன.

அதன் தேவை நமக்கும் புரியும். 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி என்ற மூன்று பெரிய நிறுவனங்கள் ஒன்றாயின. அவற்றின் தோட்டப் பிரிவு 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. கம்பெனிகள் சேரும்போது நிலம் மட்டும் சேர்வதில்லை. ஏடுகளும் சேர வேண்டும்; அவற்றிலுள்ள ஒவ்வொரு பெயரும் தவறாமல் புது ஏட்டுக்கு வந்து சேர வேண்டும்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏடுகள் ஐந்தாக இருந்தபோது செக்ரோலும் சம்பளப் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால், எங்கோ பிழை என்று தெரிந்துவிடும். ஏடு ஒன்றானபோது அந்தச் சாட்சி போய்விட்டது. முதலில் தவறாக ஏறிய எண் சம்பளத்திலும் தவறும், சேமநிதியிலும் தவறும், சொக்சோவிலும் தவறும். எல்லாக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தும். உண்மையோடு மட்டும் பொருந்தாது.

ஆகவே இரண்டாவது ஏடு நம் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளைக் கட்டி வைப்போம். வேலை செய்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வைப்போம். ஒரு மாதத்துச் சேமநிதிப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டினாரா என்பதைப் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே இன்று பார்க்கலாம். பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்றும் பார்ப்போம். பிழை கண்டால், அந்தச் சீட்டுடன் அன்றே ஆபீசுக்குப் போய்க் கேட்போம். முப்பது ஆண்டு கழித்துக் கேட்பதைவிட அது எளிது.