பேரேடு, பீரங்கி, பிளாக்செயின்: முதல் பதிவின் அரசியல்

1

மென்பொருள் எழுதுகிற குழுக்கள் வாரந்தோறும் ஓர் அறிக்கை எழுதுகின்றன. எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, அடுத்த வாரம் எது. முன்னேற்ற அறிக்கை என்று பெயர். இதையெல்லாம் உட்கார்ந்து வாசிக்கணுமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். வாசித்தாக வேண்டும். ஒரு சமூகத்தின் பேரேட்டை யார் எழுதுவது, யார் திருத்துவது என்கிற பழைய கேள்வி இன்று இந்த அறிக்கைகளுக்குள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மின் ஆளுமை முகமை இதற்கென்று உருவாக்கிய அமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரே ஒரு சொல்லாடல். நம்பிக்கை மனிதர்களிடமிருந்து விலகி இயந்திரத்துக்கு இடம் மாறிவிட்டது என்று அது நமக்கு அறிவிக்கிறது.

தொழில்நுட்பம் புரியாத ஒன்றல்ல. பதிவுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டின் தலையிலும் முந்தைய கட்டின் கைரேகை போன்ற ஓர் எண் எழுதப்படும். பழைய கட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் கைரேகை மாறும். அடுத்தடுத்த கட்டுகள் எல்லாம் பொருந்தாமல் போய்க் குட்டு வெளிப்படும். பேரேட்டின் நகல் பல கணினிகளில் இருப்பதால் ஒரு இடத்தில் மட்டும் திருத்தி ஒளிக்கவும் முடியாது. 1991-இல் ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் இந்த யோசனையை முன்வைத்தார்கள். 1995 முதல் இப்படியான எண்ணை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டும் வந்தார்கள். பிட்காயினின் முதல் கட்டு பதிவானது 2009 ஜனவரி 3-இல்.

ஆக, எழுதியதைப் பின்னால் எவரும் கள்ளத்தனமாக மாற்ற முடியாது என்பதே இதன் வாக்குறுதி. எழுதும்போதே தவறாக எழுதினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நம் மாவட்டத்தின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

2

கடலூர் மண்ணில் ஆங்கிலேயரின் பேரேடு 1690-இல் தொடங்குகிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கும்பினியார் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சேர்ந்த நிலம் எவ்வளவு? பீரங்கியை வெடித்தால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். நாலா திசையிலும் வெடித்தார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்றே வழங்கப்பட்டன. அந்த ஊர்களில் உழுதவர்களிடம் யாரும் எதையும் கேட்டதாக அந்த ஒப்பந்தத்தில் இல்லை. சங்கிலியின் முதல் கட்டு இதுதான். இதற்குப் பின் வந்த ஒவ்வொரு கணக்கும் குண்டு விழுந்த கோட்டை எல்லையாக ஏற்றுக்கொண்டே மேலே எழுதப்பட்டது.

1801-இல் கர்நாடகம் முழுக்கக் கும்பினி வசமானது. தென்னாற்காட்டில் ரயத்துவாரி முறை வந்தது. பட்டா யார் பெயரில் எழுதப்பட்டதோ அவனே அரசின் கண்ணுக்கு விவசாயி. சேற்றில் நின்ற பண்ணையாளும் படியாளும் அந்தப் பேரேட்டில் இல்லை. அவர்களை யாரும் பின்னால் அழிக்கவில்லை, முதலிலேயே எழுதவில்லை.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். 1892-இல் அரசாணை 1010 வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அவர்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பஞ்சமி நிலம் கணக்கில் ஏறியது. இன்றைய மொழியில் சொன்னால், மீற முடியாத விதி பதிவுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் நிலம் போயிற்று. இதை மீட்கக் கேட்டுப் போராடியதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

3

நிலம் எப்படிப் போயிற்று? கணக்கப்பிள்ளையின் பேனாவைக் காட்டுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர் அரசு 1980 நவம்பரில் ஒழித்ததும் நியாயம்தான். ஆனால் ஆளை மாற்றியதால் பேரேடு மாறிவிடவில்லை.

1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. கிராமத்தில் இன்றும் 'யுடிஆர்' என்றே சொல்கிறார்கள். "எங்க பாட்டன் பேரு யுடிஆர்ல விட்டுப்போச்சுங்க" என்கிற வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு தாலுகா அலுவலக வாசலைக் கடந்துவிட முடியாது. பெயர் விட்டுப்போனது, பரப்பு குறைந்தது, சர்வே எண் மாறியது என்று மனுக்கள் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகின்றன. பஞ்சமி நிலம் என்கிற குறிப்பே அப்போது பல இடங்களில் காணாமல் போய்ச் சாதாரணப் பட்டாவானது என்பது நில மீட்பில் உழைத்தவர்கள் திரும்பத் திரும்ப வைக்கிற குற்றச்சாட்டு. பிற்பாடு கணினியில் ஏறியது பெரும்பாலும் இந்த யுடிஆர் கணக்குதான். நாளை சங்கிலியில் ஏறப்போவது அந்தக் கணினிக் கணக்கு. பிழைக்கு மேல் பூட்டு; பூட்டுக்கு மேல் 'நம்பிக்கை' என்கிற பெயர்ப் பலகை.

அண்ணாமலை நகரில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய வேலையில் இருக்கிற சில இளைஞர்களிடம் பேசினேன். ஒருவர் சொன்னார்: "சார், எத்தனை பதிவு ஏத்துனோம், எத்தனை ஏறாம நின்னுச்சு, இதான் ரிப்போர்ட்ல வரும். ஏத்துனது நெசமா பொய்யான்னு போட அதுல கட்டமே கிடையாது." அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. எண்ணக்கூடியதை எண்ணச் சொல்லித்தான் அவருக்குச் சம்பளம். கட்டம் போட்டவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டியது. அடங்கலிலும் பண்ணையாளுக்குக் கட்டம் இருந்ததில்லை.

4

மாற்றவே முடியாது என்கிறார்களே, அதுவாவது மெய்யா? 2016 ஜூன் 17-இல் எத்தீரியம் என்ற சங்கிலியில் இயங்கிய 'டாவோ' என்கிற முதலீட்டு நிதியிலிருந்து, நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, ஒருவர் சுமார் 36 லட்சம் ஈத்தரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைய மதிப்பில் 5 கோடி டாலருக்கும் மேல். அன்றே எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பூட்டரின் அவசர அறிக்கை வெளியிட்டார். விவாதம் நடந்தது, அறிக்கைகள் தொடர்ந்தன, ஜூலை 20-இல் சங்கிலியைக் கிளை பிரித்துப் பணம் போட்டவர்களுக்குத் திருப்ப வழி செய்தார்கள். எழுதியது எழுதியதுதான் என்று மறுத்தவர்கள் பழைய கிளையில் 'எத்தீரியம் கிளாசிக்' என்று தங்கிவிட்டார்கள்.

முப்பத்து மூன்று நாள். பணம் வைத்திருந்தவர்களின் இழப்பைச் சரிசெய்ய மாற்ற முடியாத பேரேடு முப்பத்து மூன்று நாளில் வழிவிட்டது. 1892-இல் எழுதப்பட்ட நிபந்தனையை நிறைவேற்ற 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பேரேடு அசைய மறுக்கிறது. மாறாத்தன்மை என்பது இயந்திரத்தின் குணமாகச் சொல்லப்பட்டாலும், யார் கேட்டால் மாறும், யார் கேட்டால் மாறாது என்பதில் இருப்பது அதிகாரம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த முப்பத்து மூன்று நாளும் விவாதம் வெளிச்சத்தில் நடந்தது. மின்சாரத்தைத் தின்னும் பழைய முறையைக் கைவிடுவதாகத் தொடக்க காலத்திலேயே சொன்ன எத்தீரியம் குழுக்கள் அதை 2022 செப்டம்பர் 15-இல்தான் முடித்தன. இடைப்பட்ட தாமதங்களை அவர்கள் மறைக்கவில்லை. ஹோண்டுராஸில் 2015 மே மாதம் நிலப் பட்டயங்களைச் சங்கிலியில் ஏற்றப்போவதாக ஃபேக்டம் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிய முயற்சி அந்த ஆண்டு முடிவதற்குள் தேங்கியபோது, நிறுவனத் தலைவரே அதை ஒப்புக்கொண்டார். முன்னேற்ற அறிக்கை என்கிற வடிவம் நமக்கு எதிரி ஆகிவிடவில்லை. அதை யார் வாசிக்கலாம், அதில் யார் எழுதலாம் என்பதில்தான் நம் சண்டை.

5

நம்மிடம் இதற்கு ஒரு பழைய வடிவம் உண்டு. ஆண்டுதோறும் பசலி முடிகிற சமயத்தில் சிதம்பரம் உள்ளிட்ட எல்லாத் தாலுகாக்களிலும் ஜமாபந்தி நடக்கிறது. வரி வசூலுக்காக ஆண்டவர்கள் ஏற்படுத்திய சடங்குதான். ஆனாலும் அங்கே கிராமக் கணக்கு மேசைமேல் வந்தாக வேண்டும். எதிரே நின்று ஒருவர் மனு நீட்டலாம். "இது தப்பு" என்று சொல்ல அங்கே ஓர் இடம் இருக்கிறது. வாராந்திர அறிக்கையில் அது இல்லை.

ஆகவே இயக்கத் தோழர்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. எந்தக் கிராமத்தின் நிலக் கணக்கும் சங்கிலியில் பூட்டப்படுவதற்கு முன் கிராம சபையில் சர்வே எண் வாரியாக வாசிக்கப்பட வேண்டும். யுடிஆருக்கு முந்தைய 'ஏ' பதிவேடும் அதோடு சேர்ந்து ஏற வேண்டும். வழக்கில் உள்ள நிலத்துக்கும் பஞ்சமி நிலத்துக்கும் தனிக் கட்டம் வேண்டும். ஒவ்வொரு முன்னேற்ற அறிக்கையும் தமிழில், தாலுகா அலுவலகச் சுவரில், ஏறிய பதிவுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஏற மறுக்கப்பட்ட மனுக்களின் எண்ணிக்கையோடு ஒட்டப்பட வேண்டும். பூட்டு விழுந்த பிறகு கேட்டால் நம்மிடம் முப்பத்து மூன்று நாள் இருக்காது.