ஒரே சைக்கிள், ஆளுக்கு ஒரு கால்

லாங் ரைடு போனவங்களுக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் நல்லா மிதிச்சிட்டு இருப்போம்; திடீர்னு காலில் தெம்பே இருக்காது. இத்தனைக்கும் பெருசா பசிகூட இருக்காது. அப்போ என்னதான் தீர்ந்து போச்சு?

1939-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டென்சன், ஹேன்சன் என்ற ஆய்வாளர்கள், ஆய்வுக்கூட சைக்கிளில் ஆட்களை ஓயும்வரை மிதிக்க வைத்தார்கள். இனி முடியாது என்றவர்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவங்க மறுபடி மிதிச்சாங்க! ஆனா, தசைக்குள்ள எட்டிப் பார்க்க அப்போ சுலபமான வழி இல்லை.

அந்த வழி 1960-களில் ஸ்வீடனில் பிறந்தது: ஊசி போட்டுத் தொடைத் தசையில் சின்னத் துணுக்கு எடுப்பது. 1966-ல் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு டாக்டர்கள் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். ஒரே சைக்கிள், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், ஆளுக்கு ஒரு காலால் மிதி! மிதித்த காலில் கிளைகோஜன், அதாவது தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை, கிட்டத்தட்ட காலி. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. மூணு நாள் மாவுச்சத்து சாப்பிட்டதும், மிதித்த காலில் அது மற்ற காலைவிட இரண்டு மடங்கு சேர்ந்தது.

ஆக, காலுக்கும் ஒரு டேங்க் இருக்கு. அதுக்கு அளவும் இருக்கு. முந்தின நாள் சோறு அதை நிரப்பும். வழியில் வாழைப்பழமோ பேரீச்சையோ, பசிக்கும்முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. பஜ்ஜி? எண்ணெய்ப் பலகாரம் வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதை வீடு திரும்பினதும் வெச்சுக்கலாம்.