பெட்டியில் வந்து விழும் வட்டங்கள்

தமிழக அரசின் பட்டா, சிட்டா இணையதளத்தில் மாவட்டம் 'தர்மபுரி' என்று தேர்ந்தெடுத்ததும், காலியாகக் கிடந்த அடுத்த பெட்டியில் அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி என வட்டங்கள் வந்து விழுகின்றன. வட்டத்தைத் தொட்டால் கிராமங்கள். பக்கம் அசைவதில்லை, பெட்டி மட்டும் நிரம்புகிறது.

மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்ற இந்த வரிசை கணினிக்காரர் போட்டதல்ல. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், இன்றைய தர்மபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேராக வரி பேசினார்கள். ரயத்துவாரி முறை உருப்பெற்றது இங்கேதான். பிறகு நெடுங்காலம் நிலக் கணக்கு ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கையில். கர்ணம் பதவி 1980-ல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்தார்.

வரிசை பழையது, பெட்டி மட்டும் நிரம்பும் வித்தைதான் புதிது. இணையத்தின் தொடக்க காலத்தில், ஒன்றைச் சொடுக்கினால் முழுப் பக்கமும் அழிந்து மறுபடி வரும். தலைப்பு, படம், முத்திரை எல்லாம் சேர்த்து. இதற்கு மாற்று ஒரு மின்னஞ்சல் வேலையில் பிறந்தது. அவுட்லுக் அஞ்சலை உலாவியில் காட்ட முயன்ற மைக்ரோசாஃப்ட் குழு, பக்கத்தைத் தொடாமலே சர்வரிடம் தகவல் கேட்கும் ஒரு வழியைச் செய்தது. 1999-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-உடன் அது வெளிவந்தது. பல ஆண்டுகள் வெளியே அதிகம் பேசப்படவில்லை. 2004-ல் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் இதே வழியில் வந்தன. அதே பிப்ரவரியில் வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த வழிக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். 2006-ல் வந்த ஜேகுவரி என்ற நிரல் தொகுப்பு, பல வரி நிரலைச் சில வரிகளுக்குள் அடக்கியது.

பட்டா தளத்தில் இதன் வேலை எளிது. மாவட்டத்தின் குறியீட்டெண் சர்வருக்குப் போகும், வட்டங்களின் பெயர் மட்டும் திரும்பி வரும். பதில் வரும்வரை பக்கம் காத்து நிற்காது என்பதுதான் இதன் பலம்.

வில்லங்கமும் அதுவே. பதில் வராமல் போனால் பெட்டி வெறுமையாக இருக்கும். பொறுத்திருப்பதா, மறுபடி தொடுவதா என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 'காத்திருக்கவும்' என்று ஒரு வரி காட்டாத தளம் அரைகுறைத் தளம்தான். இன்னொன்று, கிருஷ்ணகிரியைத் தொட்டுவிட்டு உடனே தர்மபுரிக்கு மாறினால், முதல் கேள்விக்கான பதில் பிந்தி வந்து தர்மபுரிக்குக் கீழே ஓசூரைப் போட்டுவிடலாம். பழைய கேள்வியை ரத்து செய்யும்படி நிரலில் எழுதினால் இது வராது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகும் வரை, தர்மபுரிக்குக் கீழே ஓசூர் வருவது சரியாகவே இருந்திருக்கும்!