மணல் எழுத்திலிருந்து மத்தளம்பாறை வரை

தென்காசி என்றால் பெரிய கோயில் கோபுரம், குற்றாலம் என்றால் சாரலும் அருவியும். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். 2011-க்குப் பிறகு இந்தப் பட்டியலில் மத்தளம்பாறையும் சேர்ந்துகொண்டது. தென்காசிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் ஜோஹோ நிறுவனம் தன் அலுவலகத்தைத் திறந்தது. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இடத்தில் உலகம் முழுவதற்குமான மென்பொருள் எழுதப்படுகிறது. 2025 ஜூலையில் அந்த நிறுவனம் ஜியா என்ற பெயரில் தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியையும் வெளியிட்டது.

இனி யார் வேண்டுமானாலும், எந்த வயதிலும், எதை வேண்டுமானாலும் கற்கலாம், இயந்திரமே சொல்லிக்கொடுத்துவிடும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. இப்படி ஒரு வாக்குறுதி இந்தப் பக்கத்துக்குப் புதிதா? இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வேறு வேறு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலர் உள்ளே வந்தார்கள். சிலர் வெளியே நின்றார்கள். அந்த வெளியே நின்றவர்களின் கதைதான் இங்கே முக்கியம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலைப் பரப்பி விரலால் எழுதுவது, பிறகு ஓலை, எழுத்தாணி. வாத்தியார் ஒருவர். அவருக்குக் கையாள் சட்டாம்பிள்ளை. கொஞ்சம் முன்னே படித்த பையன் பின்னே வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மலபார்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தன் பள்ளியில் புகுத்தி, பையன்களைக் கொண்டே பையன்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், செலவும் சொற்பம்! இங்கிலாந்து துள்ளிக் குதித்தது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அங்கே அது பரவியது. சில பத்தாண்டுகளில் குறை தெரிந்துவிட்டது. பிள்ளைகள் ஒப்பித்தார்கள், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. 1846-இல் அரசே பயிற்சி பெறும் ஆசிரியர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்துக்கு அங்கே மாறிவிட்டார்கள். ஆசிரியரைச் சிக்கனப்படுத்தும் கருவி என்று உலகம் கொண்டாடிய முதல் 'தொழில்நுட்பம்' நம் திண்ணையிலிருந்து போனது என்பதில் பெருமைப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் வந்த தொகுப்பின்படி சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். நூறு பேருக்கு மூன்று பேர்கூட இல்லை. தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்கோ, கண் தெரியாத பிள்ளைக்கோ, காது கேளாத பிள்ளைக்கோ அந்தத் திண்ணையில் ஏறுவதற்கே வழியில்லை.

(இதே காலத்தில் குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று அங்கே 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாயின் ஆணை வந்துவிட்டது. நடைமுறையில் எவ்வளவு தூரம் போனது என்பது வேறு கதை. 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது.)

விடுபட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதவு திறந்தது பாளையங்கோட்டையில். தென்காசி அப்போதும், 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகும் வரையும், திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. சாரா டக்கர் பெயரில் பெண்களுக்கான கல்வி நிலையம் அங்கே வளர்ந்தது. அங்கே பணியாற்ற வந்த ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1890-களின் நடுவில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். மிஷனரிகளின் நோக்கம் மதமா, கல்வியா என்ற வாதம் இன்றும் நடக்கிறது, நடக்கட்டும். காது கேளாத ஒரு குழந்தைக்கும் மொழி உண்டு, அதைச் சைகையிலும் உதட்டசைவிலும் பொறுமையாகக் கொண்டுவர முடியும் என்று இந்தச் சீமையில் முதலில் காட்டியவர்கள் அவர்கள்தான். அதற்கு ஒரு ஆசிரியை, ஒரு கைப்பிடி குழந்தைகள், பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. பெல்லின் கணக்குக்கு நேர் எதிரான கணக்கு இது.

வாழ்நாள் கல்வி என்று இன்று சொல்வதற்கு குற்றாலத்திலேயே ஒரு அழகான உதாரணம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தும் வக்கீல் தொழிலில் ஒட்டாதவர். 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை. ஒரு கம்பன் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் சிறு பிள்ளைகளைப் போல ரசித்தார்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து போனார்கள். 1954-இல் அவர் மறையும் வரை அந்த வீடு ஒரு திறந்த பள்ளிக்கூடம்தான். தென்காசியில் திருவள்ளுவர் கழகமும் 1920-களின் பிற்பகுதியிலிருந்து இப்படித்தான் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் குறள் பேசியது. எல்லாம் சரி. ஆனால் அந்த வட்டத்தில் உட்கார ஒருவருக்கு ஏற்கெனவே எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும், ஓய்வும் இருக்க வேண்டும். வயலில் நாற்று நட்டவளுக்கு இரண்டும் இல்லை.

பெண்களுக்கு அடுத்த பெரிய திருப்பம் 1964. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. நடத்துவது குற்றாலநாதர் கோயில் நிர்வாகம். உண்டியல் பணம் பெண்களின் பட்டமாக மாறியது என்று சொன்னால் தவறில்லை. அதுவரை கல்லூரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் பாளையங்கோட்டை போக வேண்டும். 'பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?' என்று கேட்ட வீடுகள், பஸ்ஸில் போய் மாலையில் திரும்பலாம் என்றதும் அனுப்பின. தூரம் குறைந்ததே பாதிக் கல்வி.

ஆனால் பள்ளிக்கே போகாத அம்மாக்கள்? தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் தொழில். மடியில் சொளவு, அதில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டிலிருந்து சுற்றுபவருக்கும் கணக்குப் புத்தகம் தர வேண்டியிருந்தது. புத்தகம் இருந்தது. அதைப் படிக்கத்தான் பலருக்குத் தெரியாது. எத்தனை கட்டு கழித்தார்கள், எவ்வளவு இலை கொடுத்ததாக எழுதினார்கள் என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

இவர்களைத் தேடி வந்ததுதான் அறிவொளி இயக்கம். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. அந்த அலை அப்படியே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டன, பாட்டுப் பாடின. சம்பளம் இல்லாத தொண்டர்கள் இரவில் தெருவிளக்கின் அடியிலும் கோயில் வாசலிலும் வகுப்பெடுத்தார்கள். மூன்று பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரப் படிப்பு. இதுதான் தேசிய அளவில் வகுத்த திட்டம். கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அஞ்சல் துறையில் வேலை பார்த்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் நெல்லை அறிவொளியில் இறங்கி உழைத்தார்கள். கைநாட்டு வைத்த கை முதன்முதலில் தன் பெயரை எழுதிய அந்த நிமிடத்தை இவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்லித்தந்தவர்களும் அதில் நிறையக் கற்றார்கள்.

பிறகு என்ன ஆனது? இங்கேதான் கதை கசக்கிறது. இயக்கம் முடிந்து வளர்கல்வி மையங்கள் வந்தன. சொற்ப மதிப்பூதியம், கொஞ்சம் புத்தகங்கள். படிக்கப் பொருள் இல்லாத எழுத்து மெல்ல மறந்து போகும். 2009 செப்டம்பரில் மத்திய அரசு சாக்ஷர் பாரத் என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பெண்களுக்காகவே வந்த திட்டம். ஆனால் 2001 கணக்கெடுப்பில் பெண் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள மாவட்டங்களும், நக்சல் பாதிப்புள்ள மாவட்டங்களும் மட்டுமே அதில் சேர முடியும். நெல்லை அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருந்தது. அதாவது, மாவட்டம் நன்றாகப் படித்துவிட்டதால் மாவட்டத்தில் படிக்காதவளுக்கு வகுப்பு இல்லை! சராசரி ஏற ஏற, கடைசியில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் இந்த மாவட்ட வரம்பு இல்லாமல், 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கணக்கில் வந்தார்கள்.

இப்போது மத்தளம்பாறைக்குத் திரும்பலாம். ஜோஹோ 2005-இலேயே கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி தரும் பள்ளியைச் சென்னையில் ஆரம்பித்திருந்தது. பிறகு அது தென்காசிக்கும் வந்தது. கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. பட்டம் இல்லாமலே கணினி நிரலாளர் ஆகலாம் என்று ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு நிரூபித்தது சாதாரண விஷயமல்ல. 2020 ஊரடங்கில் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. 2022-இல் வேலையை விட்டு நின்ற பெண்களுக்காக 'மறுபடி' என்ற பயிற்சியும் வந்தது. இவற்றையெல்லாம் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கும், முன்பு அலுவலக வேலை பார்த்த பெண்ணுக்கும்தான் இந்தக் கதவு. சொளவுக்காரிக்கு இல்லை. ஒரு நிறுவனத்திடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, அது அரசின் வேலை.

செயற்கை நுண்ணறிவு அந்த இடைவெளியை அடைக்குமா? ஒரு வகையில் அடைக்கும். பார்வையற்ற மாணவர் 1951-இல் பாரதி பிரெய்ல் வகுக்கப்பட்ட பிறகும் புத்தகம் அச்சாகி வரக் காத்திருந்தார். இன்று கைபேசியே தமிழ்ப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறது. இது பெரிய விடுதலை. எழுத்துத் தெரியாதவரும் பேசிக் கேட்டு விவரம் பெறலாம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், மத்திய அரசின் பாஷினித் திட்டமும் தமிழ் உட்பட இந்திய மொழிகளின் பேச்சுக்காக உழைக்கின்றன. ஆனாலும் வரிசை மாறவில்லை. 2025-இல் ஜியாவுடன் வெளிவந்த, பேச்சை எழுத்தாக்கும் முதல் இரண்டு மாதிரிகள் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும். மற்ற இந்திய மொழிகள் பின்னால் வரும் என்றார்கள். தென்காசியில் வேர்விட்ட நிறுவனத்திலேயே தென்காசியின் மொழிக்கு அடுத்த முறைதான்!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'போன் படித்துக் காட்டுகிறதே, இனி எழுத்து எதற்கு?' என்று ஒரு அதிகாரி கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. பீடிக் கணக்குப் புத்தகத்தைப் படம் எடுத்தால் கைபேசி வாசித்துக் காட்டும். அதில் இருபது கட்டு குறைத்து எழுதியிருந்தால் இருபது குறைத்தே வாசிக்கும். எழுதும்போதே எட்டிப் பார்த்து, 'அண்ணாச்சி, நேத்து ரெண்டாயிரம்லா போட்டேன், ஆயிரத்து ஐநூறுன்னு எழுதுதீய?' என்று கடையிலேயே கேட்பதற்கு அவளுக்கே அந்த எண் தெரிய வேண்டும். அறிவொளி வகுப்பில் எழுத்தோடு எண்ணும் கணக்கும் சொல்லித்தந்தது இதற்காகத்தான். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் காலம் 2027 வரை. அதற்குள் மாலை நேர வகுப்புக்கு அவள் வர வேண்டுமானால், அன்றைய ஆயிரம் பீடியைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.