எந்தக் கல்லூரி? விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் வரலாறு தரும் விடை

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன், விருதுநகரிலும் சிவகாசியிலும் உள்ள பெற்றோர் தம் போதகரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? கட்டணம், தூரம், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் எடைபோட்டு நாம் விடையளித்து விடுகிறோம். அங்கு நிலவும் அறிவுச் சூழல் யாது, மாணவர் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகி வாழ்கின்றனர் என்னும் இரண்டும் விடுபட்டுப் போகின்றன. இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை என்பதை இப்பகுதியின் வரலாறு காட்டுகிறது.

அமெரிக்க மதுரை மிஷன் 1842-இல் திருமங்கலத்தில் செமினரி ஒன்றைத் தொடங்கி, 1845-இல் அதனைப் பசுமலைக்கு மாற்றிற்று. 1847-இல் அன்பின் விருந்து ஏற்படுத்தப்பட்டு, சாதி பாராது உடனமர்ந்து உண்ணுதல் ஒரு சோதனையாக வைக்கப்பட்டபோது, உபதேசியாரும் மாணவருமாகப் பலர் விலகிச் சென்றனர். கல்வியை விரும்பிய அவர்களால் பந்தியை ஏற்க இயலவில்லை. அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியதையும், பவுல் அவரை எதிர்த்து நின்றதையும் அறிந்த நமக்கு இச்செய்தி புதிதன்று. பின்னர் 1881-இல் பசுமலையில் கல்லூரி தோன்றியது. 1904 முதல் அது மதுரையில் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. விருதுநகரில் கல்லூரி இல்லாத அக்காலத்தில், பட்டம் நாடிய இளைஞர் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ சென்னைக்கோ இரயிலேறினர். அங்கே விடுதி வாழ்வும் ஒரு பாடமாயிற்று.

இதே காலத்தில் இவ்வட்டாரத்து மக்களும் வாளாவிருக்கவில்லை. ஆலய நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தார், தமக்குள் திரட்டிய மகமையையும் வீடுதோறும் பெற்ற பிடியரிசியையும் கொண்டு, 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1899-இல். அப்பள்ளியில் பயின்ற காமராசர், முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். பிடியரிசியால் வளர்ந்த பள்ளியின் மாணவர், நாட்டுப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணச் செய்தார் எனலாம்.

1947-இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும், 1963-இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் எழுந்தன. வணிகத்திலும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களிலும் ஈட்டிய பொருள் கல்விக்குத் திரும்பிற்று. வெளியூருக்கு அனுப்பப்படாத பெண்மக்கள் காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பிப் பட்டம் பெறலாயினர். இப்பேற்றைக் குறைத்து மதிப்பிடுவோர், தொழிலாளர் வீட்டு நிலையை அறியாதோரே.

எனினும், இதற்கு ஒரு விலையும் உண்டு. மாலை மணியடித்ததும் பேருந்துக்கு விரையும் மாணவிக்கு நூலகமும் விவாத மன்றமும் எட்டாதவை. தன் தெருவாரோடு சென்று தன் தெருவாரோடே திரும்புபவள் புதியவர் எவரையும் அறியாமலே பட்டம் பெற்றுவிடக்கூடும். தொலைவிலுள்ள விடுதி மட்டும் இதற்கு மருந்தாகுமா? ஒரே சாதியார் ஓரறையில் கூடி, தனியே உண்டு, தேர்வுக்குறிப்பை மட்டும் படித்து வெளியேறும் விடுதியும் உண்டன்றோ? அங்கே 1847-இன் சோதனை இன்னும் முடியவில்லை.

ஆகவே, ஆலோசனை கேட்டு வருவோரிடம் கல்லூரியின் பெயரைச் சொல்லுமுன் சில வினாக்களை நாம் எழுப்புவோமாக. வகுப்பு முடிந்தபின் நூலகம் திறந்திருக்கிறதா? ஆசிரியரிடம் மாறுபட்ட கருத்தை மாணவர் அஞ்சாது கூற இயலுமா? உணவு வேளையில் யார் அருகில் யார் அமர்கின்றனர்? பட்டாசுத் தொழிலாளியின் மகளும் ஆலை உரிமையாளரின் மகளும் அங்கே தோழியராக முடியுமா? முதலில் பெற்றோரையும் மாணவரையும் நேரில் சென்று பார்த்துவரச் சொல்வோம்.

உள்ளூர்க் கல்லூரியன்றி வேறு வழியில்லாதோர் பலர். அவர்கள்பால் சபைக்குக் கடமையுண்டு. வார நாள்களில் பூட்டிக்கிடக்கும் நம் சபை மண்டபங்களை மாலைதோறும் படிப்பகமாகத் திறந்து, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்துதல் நம்மால் இயலாததன்று. முன்னோர் பிடியரிசி கொண்டு பள்ளி கண்ட மண்ணில், ஒரு விளக்கும் சில நூல்களும் பெரும் செலவாகா.