பாம்பன் வாயிலும் சரக்குத் திரட்டிய துறைகளும்

மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே இராமேசுவரம் தீவும், அதன் கோடியிலுள்ள தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீளும் ஆதம் பாலம் என்ற மணல்திட்டுகளும் குறுக்கே கிடப்பதால், இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்லும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றியே போகவேண்டியிருந்தது. இன்றும் அப்படியே போகிறது. மண்டபத்துக்கும் தீவுக்கும் இடைப்பட்ட பாம்பன் வாயில் சிறிய கலங்களுக்கு மட்டுமே வழிவிட்டது. பெரிய கப்பல் நெருங்க முடியாத, தோணி மட்டும் தடையின்றி நுழையக்கூடிய இக்கடலமைப்பே இராமநாதபுரக் கரையின் வணிகத்துக்கு உருக்கொடுத்தது. பல சிறு துறைகளின் சரக்கை ஓரிடத்தில் திரட்டிப் பெரிய கலத்தில் ஏற்றிக் கூலியைக் குறைக்கும் முறையை இங்கே எவரும் திட்டமிட்டு வகுக்கவில்லை. ஆழமற்ற கடலின் நிர்ப்பந்தத்தால் அது தானே அமைந்தது.

இக்காலச் சரக்குப் போக்குவரத்தார் இம்முறையை 'ஹப் அண்ட் ஸ்போக்' என்பர். வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் வந்து கூடுவதைப் போலக் கிளைத்துறைகளின் சரக்கெல்லாம் ஒரு நடுத்துறைக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து பிரிந்து செல்வதால் இப்பெயர் அமைந்தது. ஐந்து துறைகளிலிருந்து வேறு ஆறு துறைகளுக்கு நேராகக் கப்பல் விடுவதானால் 30 வழிகள் வேண்டும். இடையே ஒரு நடுத்துறையை அமைத்துக்கொண்டால் 11 வழிகள் போதும். கப்பலின் கொள்ளளவு இரட்டிக்கும்போது மாலுமிகளின் எண்ணிக்கையோ ஓட்டும் செலவோ அதே அளவில் இரட்டிப்பதில்லையாதலால், நிறைந்து செல்லும் பெரிய கப்பலில் ஒரு மூட்டையின்மேல் விழும் கூலி குறைகிறது. ஆனால் இந்த ஆதாயம் இலவசமாகக் கிடைப்பதன்று. நடுத்துறையில் சரக்கை ஒருமுறை கூடுதலாக இறக்கி ஏற்றவேண்டும். அதற்கான கூலியும், கிடங்கு வாடகையும், காத்திருக்கும் நாட்களும், அத்துறையை ஆள்பவர் வாங்கும் சுங்கமும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிட்டால் வணிகம் வேறு துறைக்கு நகர்ந்துவிடும். இராமநாதபுரக் கரையில் துறைகள் எழுந்ததும் தாழ்ந்ததும் பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான்.

வைகை கடலில் கலக்குமிடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் தொல்லியல் துறையினர் கண்டெடுத்த ரோமானிய நாணயங்களும் ரௌலட்டட் எனப்படும் சக்கர வரிப் பானை ஓடுகளும், சங்ககாலத்திலேயே தொலைதூரச் சரக்கு இக்கரைக்கு வந்ததைக் காட்டுகின்றன. ஆயினும் நடுத்துறை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தருவது, கீழக்கரைக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாவை ஒட்டிய பெரியபட்டினமே. 1980களில் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் ஈடுபட்ட ஆய்வுகளில் அங்கே 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடும் பட்டினம் ஒன்றை இவ்வூராகவே கராஷிமா அடையாளம் கண்டார். ஏடனிலிருந்தோ பாரசீக வளைகுடாவிலிருந்தோ புறப்படும் கப்பல் ஒரே பருவக்காற்றில் சீனம் வரை செல்வது அரிதாதலால், மேற்கத்திய வணிகர் தம் சரக்கைத் தென்னிந்தியத் துறைகளில் இறக்கி, கிழக்கிலிருந்து வந்த சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பினர். மார்க்கோ போலோ சிறப்பித்துக் கூறும் காயல், இக்கரைக்குத் தெற்கே இதே பணியைச் செய்தது. ஒரு கப்பல் முழுத் தொலைவையும் கடந்து அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதைவிட, பாதி வழியில் சரக்கை மாற்றிக்கொள்வது மலிவு என்பதை அக்கால வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

17ஆம் நூற்றாண்டில் அரங்கம் பாம்பனுக்கும் கீழக்கரைக்கும் மாறியது. பாம்பன் வாயிலில் நீர் ஆழம் குறைவாக இருந்தமையால், நிறைசரக்குடன் வரும் கலம் அங்கே நின்று சரக்கின் ஒரு பகுதியைத் தோணிகளில் இறக்கி, இலேசாகி வாயிலைக் கடந்து, மறுபுறம் மீண்டும் ஏற்றிக்கொள்ளவேண்டும். இந்த இடைநிறுத்தம் தோணிக்காரருக்கும் கூலியாட்களுக்கும் பிழைப்பையும், வாயிலைத் தம் ஆட்சியில் வைத்திருந்த இராமநாதபுரம் சேதுபதிகளுக்குச் சுங்க வருவாயையும் அளித்தது. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைத் தடுக்க முயன்றபோது, அவர்களுடைய துறைகளுக்கு நடுவே கிடந்த இச்சிறு வாயில் சேதுபதியின் கையில் இருந்தது அவர்களுக்கு ஓயாத தலைவலியாயிற்று. கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரையில் பெருவணிகராக விளங்கிய பெரியதம்பி மரக்காயரை, அதாவது உமறுப் புலவரின் புரவலரென நாடறிந்த சீதக்காதியை, வள்ளல் என்று மட்டும் நினைப்பது அவரைக் குறைத்து நினைப்பதாகும். அரசரின் நெருக்கம், சொந்தக் கலங்கள், சரக்குத் திரட்டும் ஆள்வலை ஆகிய மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்ததே அவர் செல்வத்தின் அடிப்படை.

இந்த ஆள்வலை எப்படி இயங்கியது என்பதைச் சங்கு வணிகத்தில் தெளிவாகக் காணலாம். குளிகாரர் இக்கரை நெடுகச் சிறுசிறு அளவில் எடுக்கும் சங்கை நேரே வங்காளத்துக்கு அனுப்புவது ஆகாத காரியம். அங்கே டாக்காவின் வளையல் அறுப்போர் வாங்குவதோ பெருந்தொகையாக. ஆகவே சங்கு கரைக் கிடங்குகளில் சேர்ந்து, பருமன் வாரியாகப் பிரிக்கப்பட்டு, கப்பல் நிறையும் அளவு திரண்ட பின்னரே வடக்கே சென்றது. கெடாத பண்டமாதலால் காத்திருப்பதில் நட்டமில்லை. மீனுக்கோ வெற்றிலைக்கோ இது பொருந்தாது.

1795இல் சேதுபதியைப் பதவியிறக்கி, 1803இல் நாட்டை ஜமீனாக்கிய ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் பாம்பன் வாயிலைப் படிப்படியாக ஆழப்படுத்தினர். ஆழம் கூடியதால் கரையோரக் கலங்கள் சரக்கை இறக்காமலே கடந்தன. பாம்பனின் கட்டாய நிறுத்தமும் அதன் பிழைப்பும் மெலிந்தன. எனினும் ஆழம் மட்டும் சரக்கை ஈர்க்கவில்லை. தூத்துக்குடியில் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரமிட, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. அப்படியிருந்தும் இரயில் அங்கே சென்றடைந்ததால் வணிகமும் அங்கேயே குவிந்தது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தென்னிந்திய இரயில்வேயின் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் நீராவிக் கப்பல்கள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது இக்கரைக்கு மறுவாழ்வு வந்தது. ஆனால் இந்தியப் பக்கத்தில் மீட்டர்கேஜ் பாதையும் இலங்கையில் அகலப் பாதையும் இருந்தமையால் ஒரே சரக்குப் பெட்டி இரு கரையிலும் ஓட வழியில்லை. இரயிலிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து இரயிலுக்கும் என்று ஒரு குறுகிய கடலைக் கடக்க இருமுறை சுமையை மாற்றவேண்டியிருந்தது. திரட்டி அனுப்பும் இதே ஏற்பாடு மனிதர்மீதும் ஏவப்பட்டது: இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பின் பேரால் அடைத்துவைத்துக் கூட்டங்கூட்டமாக அனுப்பினர். சரக்குக்கும் மனிதருக்கும் வேறுபாடு காணாத அந்த நிர்வாகத்தைச் சிக்கனம் என்று பாராட்ட முடியாது.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தும் இலங்கை உள்நாட்டுப் போரால் 1980களில் நின்றது. அதே பத்தாண்டில் கொள்கலன், அதாவது கப்பலிலிருந்து லாரிக்கு அப்படியே மாறும் இரும்புப் பெட்டி, சுமை மாற்றும் கூலியையும் நேரத்தையும் வெகுவாகக் குறைத்ததால் கொழும்பு தெற்காசியாவின் நடுத்துறையாக உயர்ந்தது. தூத்துக்குடி அதற்குச் சரக்கூட்டும் கிளைத்துறையாயிற்று. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, வழக்குகளால் நின்றுபோன சேதுசமுத்திரத் திட்டத்தின் 12 மீட்டர் ஆழக் கால்வாய் முடிந்திருந்தாலும், இன்றைய பெருங்கொள்கலன் கப்பல்கள் அதில் நுழைந்திருக்க முடியாது. கப்பலைக் கடக்கவிடுவதால் மட்டும் ஒரு கரைக்கு வணிகம் வந்துவிடாது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டுப் பாம்பனே போதிய சான்று. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி தொடங்கப்பட்ட பின் நடுத்துறைக்கான போட்டி கொழும்புக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையே நடக்கிறது. கொள்கலன் கையாளும் துறைமுகம் ஒன்றும் இல்லாத இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏற்றுமதிச் சரக்கோ முதலில் லாரி ஏறிப் பிற மாவட்டத் துறைமுகத்துக்குத்தான் போகிறது.